முழங்கையால் பார்த்து எடுத்த விரிப்பு

என்னை வேலைக்குக் கூப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதெல்லாம் புறப்படும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்கிறார்கள். "அண்ணை, வீட்டில ஒராளுக்குக் கால் நோ, நிலத்தில ஊண்ட ஏலாது. பாத்ரூம் நிலத்துக்கு என்ன போட்டால் நல்லது?"

பதில் எனக்குத் தெரியும். வாயால் சொல்லத்தான் வராது. யாராவது முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் என் பேச்சு பாதியில் நின்றுவிடும். "மனிசியைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அளவு நாடாவோடு அடுத்த அறைக்குள் போய்விடுவேன். அவளோ ஒவ்வொரு முறையும் கதையைக் கொஞ்சம் நீட்டுகிறாள். நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகக் கோமாளியாகிறேன். போன மாதம் அவள் சொன்னதில் நான் கடைக்குள் மயங்கியே விழுந்துவிட்டேன். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழைகள் இருக்கலாம், மயக்கம் இல்லை.

என் தொழில் நிலத்துக்கும் சுவருக்கும் மாபிள் பதிப்பது. கடைக்காரர்கள் டைல்ஸ் என்பார்கள், எங்கள் பக்கத்தில் அது மாபிள்தான். கிளிநொச்சியில் கண்டி வீதிக்கு இரண்டு பக்கமும் எத்தனையோ வீட்டுக் குளியலறைகளை முழங்காலில் நின்று செய்து கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும் குளியலறை இருக்கவில்லை. இரணைமடுவிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஒன்றுக்குப் பக்கத்தில் எங்கள் வளவு. கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. எல்லோரும் அங்கேயே குளித்தோம்.

மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்த பிறகுதான் அது சரிவராமல் போயிற்று. முதலில் உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது என்றாள். பிறகு எரிகிறது என்றாள். பிறகு காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்றை மிதித்தாலே முகம் சுருங்கிவிடும். ஒரு நாள் கிணற்றடிப் பாசியில் வழுக்கி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினாள். ஆனால் கால் பெருவிரல் சீமெந்தில் உரசிவிட்டது. நகத்தளவு காயம். அது ஆற இரண்டு மாதம் எடுத்தது.

கிளினிக்கில் மருந்து கட்டிய தாதி கண்டிப்பானவர். அவர் சொன்னதை நான் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்தமுறை விரல் தப்பியிட்டுது. அடுத்த காயத்துக்கு இடம் குடுக்காதேங்கோ. பின்னேரத்தில ஒரு கண்ணாடியை வைச்சு உள்ளங்காலைப் பாருங்கோ. தண்ணி சூடோ எண்டு காலை விட்டுப் பாக்காதேங்கோ. உங்கட கால் இப்ப உண்மை சொல்லாது. குளிரை நோ எண்டு சொல்லும், சூட்டை ஒண்டுமில்லை எண்டு சொல்லும். முழங்கையின்ர உள்பக்கத்தால பாருங்கோ. அது பொய் சொல்லாது."

பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் என்ன தொழில்?"

"மாபிள்..." என்றேன்.

"அப்ப கிணத்தடியில ஏன் இன்னும் இவாவை விட்டு வைச்சிருக்கிறீங்கள்?"

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். சமைக்கும் குசினியின் பின்சுவரோடு ஒட்டி ஒரு குளியலறை கட்டினேன். சுவருக்கும் கூரைக்கும் வாங்க வேண்டியிருந்தது. நிலத்துக்கு ஒன்றும் வாங்கவில்லை. ஒரு வீட்டு வேலை முடிந்தால் மிஞ்சும் நாலைந்து மாபிள் கல்லை வீட்டுக்காரர் மேசனிடமே கொடுத்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அப்படி வருடக்கணக்காகச் சேர்ந்தவை எங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கடுக்காக இருந்தன. தண்ணீர்க் குழாயைச் சுற்றி, வழுக்காது என்று எல்லோரும் கேட்டு வாங்கும் சொரசொரப்பான கல். வாசலில் பூப்போட்ட கல். சின்ன யன்னலுக்குக் கீழே, ஓமந்தையில் ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர் வீட்டில் மிஞ்சிய மங்கல் பழுப்புக் கல். மொத்தம் பதினொரு வீட்டு மிச்சம். மனைவிக்கு ஒவ்வொன்றும் எந்த வீடு என்று தெரியும். "இண்டைக்குப் பள்ளிக்கூட அதிபர் வீட்டில நிண்டு முகம் கழுவினனான்" என்பாள்.

எனக்கு அந்தக் குளியலறையில் பெரிய பெருமை. வாழ்நாளில் எதையும் பெருமையாகக் காட்டாதவன், வீட்டுக்கு யார் வந்தாலும் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைத் திறந்து காட்டினேன். விளக்கம் சொல்ல மாட்டேன். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பெருமை.

மூன்று வாரம் போயிருக்கும். எங்கள் சவர்க்காரப் பெட்டி மீண்டும் கிணற்றடியில் இருப்பதைக் கண்டேன். பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி அது. காகம் சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் மூடிக்கு மேல் மனைவி எப்போதும் ஒரு கருங்கல்லை வைப்பாள். பெட்டியும் கல்லும் பழைய இடத்தில் இருந்தன.

"உள்ளுக்க புழுக்கமா இருக்கு" என்றாள் மனைவி. "காத்தோட குளிச்சுப் பழகின உடம்புதானே."

நான் நம்பினேன். யன்னலைப் பெரிதாக்கலாமா என்று கூட யோசித்தேன். உண்மையை எனக்குச் சொன்னவர் பக்கத்து வளவுக்காரி. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்களுக்கு முன்பே இங்கே குடியேறிய குடும்பம். அவரும் குதிக்கால் வெடித்து நடக்கக் கஷ்டப்படுகிறவர். ஒரு காலை நான் வேலைக்குப் புறப்படும்போது வேலிக்கு மேலாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஊருக்கெல்லாம் தரை போடுறீங்க. அக்கா காலைக் கேட்டுப் போட்டீங்களா?"

"ஏன்?"

"அந்தப் பாத்ரூம்ல அக்கா நொண்டிக்கிட்டு நிக்கிது. முள்ளு மேல நிக்கிற மாதிரி இருக்காம். உங்ககிட்டச் சொல்லாது. அதான் நான் சொல்றேன். நான் சொன்னேன்னும் சொல்லிடாதீங்க."

நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாரும். அந்த நிலம் காலுக்குக் குத்துதோ?"

சுளகு நின்றது. "ஆர் சொன்னது? வேலிக்கு அங்காலயோ?"

"குத்துதோ இல்லையோ?"

"குத்துது" என்றாள். "ஒவ்வொரு கல்லின்ர விளிம்பும் தெரியுது. அந்தச் சொரசொரப்புக் கல்லு ஊசி ஊசியாய் இருக்கு."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"பால்காரனைக் கூடக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனீங்கள். அதுக்குப் பிறகு நான் எப்பிடிச் சொல்றது?"

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. குளியலறைக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கல்லிலும் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருடம் சீமெந்திலும் கல்லுத் தூளிலும் நின்ற கால். தோல் மாட்டுக் குளம்பு மாதிரி. இந்தக் காலால் பார்த்துத்தான் அவளுடைய நிலத்தை நான் தீர்மானித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் புத்தி உடனே வந்துவிடவில்லை. அடுத்த சில வாரமும் அதே காலைத்தான் நம்பினேன்.

முதலில் பதினொரு வீட்டுக் கல்லும் ஒரே தடிப்பில்லை என்பதால் எழும்பி நின்ற விளிம்புகளைக் கிரைண்டர் பிடித்து மட்டமாக்கினேன். இடுக்குகளைச் சீமெந்துப் பசையால் நிரப்பித் துணியால் தேய்த்தேன். பாதி வேதனை குறைந்தது என்றாள். மற்றப் பாதிக்குத்தான் விரிப்புத் தேடத் தொடங்கினேன்.

உரப்பையை நாலாக மடித்துப் போட்டேன். ஏறி நின்று பார்த்து "நல்லா இருக்கு" என்றேன். ஈரம் பட்டதும் அது கல்லின் மேல் சறுக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றது. நல்லவேளை, அதன் மேல் நின்றது நான். தென்னந்தும்பில் செய்த கால்மிதி வாங்கினேன். "நல்லா இருக்கு" என்றேன். மனைவி ஒரு காலை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். "பன்னாடையில நிக்கிற மாதிரி" என்றாள். அது மூன்று நாளில் ஊறி நாறத் தொடங்கியது. சந்தையில் ஒருவர் சின்னச் சின்னக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு விற்றார். காலுக்கு இரத்த ஓட்டம் வரும் என்றார். மனைவிக்குக் கண்ணீர்தான் வந்தது. துணி விரிப்பு மெத்தென்று இருந்தது, தண்ணீர் குடித்ததும் சேற்றில் நிற்பது போலாயிற்று. செருப்போடு குளிக்கச் சொன்னேன். சவர்க்காரத் தண்ணீர் உள்ளே போய்ச் செருப்புக்குள்ளேயே கால் வழுக்கியது.

ஒவ்வொன்றுக்கும் நான் "நல்லா இருக்கு" என்று சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் மனைவி சிரித்துவிட்டாள்.

"உங்கட காலுக்குத் தார் றோட்டும் மெத்தைதான். உங்களுக்கு நல்லா இருந்தால் எனக்குக் குத்தும் எண்டு அர்த்தம். இனி நல்லா இல்லை எண்டு நீங்கள் சொல்றதை வாங்கி வாங்கோ."

சவர்க்காரப் பெட்டி கிணற்றடியிலேயே இருந்தது. மாரி தொடங்க இன்னும் இரண்டு மாதம். மழை பெய்தால் கிணற்றடிப் பாசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நகத்தளவு காயத்துக்கு இரண்டு மாதம் என்ற கணக்கும் தெரியும். வேலையில் ஒரு கல்லைத் தட்டும்போதெல்லாம் அந்தப் பெருவிரல்தான் கண்ணில் வந்தது.

முழங்கை யோசனை வந்தது மனைவி சுடுதண்ணீர் கலக்கும்போது. வாளிக்குள் முழங்கையை விட்டு, கண்ணை மூடி, தாதி சொன்னபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை காலைப் போலவே காய்ப்பு. ஆனால் முழங்கையின் உள்பக்கம் சீமெந்து படாத இடம். சுவரில் உரசிப் பார்த்தேன், சுரீர் என்றது. என் உடம்பிலும் உண்மை சொல்லும் ஒரு இடம் இருந்தது.

அடுத்த நாள் கண்டி வீதியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். மாபிள், குழாய், விரிப்பு எல்லாம் விற்கும் கடை. கூட்டம் குறையும் வரைக்கும் தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு விரிப்புகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், சட்டைக் கையை மடித்து, நிலத்தில் முழங்காலிட்டு, ஒரு விரிப்பின் மேல் முழங்கையை அழுத்தினேன். குத்தியது. அடுத்தது. அதுவும் குத்தியது. மூன்றாவது அடியில் இருந்ததால் குனிந்து, ஏறக்குறையப் படுத்தேவிட்டேன்.

"ஐயா, தலை சுத்துதே?"

கடையில் வேலை செய்யும் பெண்பிள்ளை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"எழும்பாதேங்கோ. அப்பிடியே இருங்கோ. தண்ணி கொண்டு வாறன்."

விளக்கம் சொல்வதைவிடத் தண்ணீர் குடிப்பது சுலபம். குடித்தேன். ஒருவர் மட்டைப் பெட்டியால் விசிறினார். கதிரை வந்தது. உட்கார்ந்தேன். இவ்வளவுதான் நடந்தது. மனைவி சொல்லும் மயக்கம் இதுதான்.

"வீட்டில ஆருக்கும் போன் எடுக்கட்டே ஐயா?"

"வேண்டாம் பிள்ளை. என்ர மனிசிக்குக் கால் நோ" என்றேன்.

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கால் நோ அவாவுக்கு. நீங்கள் ஏன் ஐயா விழுந்தனீங்கள்?"

துண்டு துண்டாகச் சொல்லி முடித்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்தான். ஆனால் சிரித்துக்கொண்டே தன் சட்டைக் கையையும் மடித்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள்.

"இது குத்துது. இது பரவாயில்லை, ஆனால் ஓரத்தில வெட்டுது. இது..." கண்ணை மூடினாள். "இது எங்கட பூனை மாதிரி இருக்கு ஐயா. இதைப் பாருங்கோ."

பெரிய சுருளாக நின்ற விரிப்பு அது. இறப்பர் போல, ஆனால் உள்ளே பஞ்சு போல அமுங்கியது. மேல்பக்கம் வழுவழுப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை, வாழையிலையின் பின்பக்கம் மாதிரி. தண்ணீர் இறங்கச் சின்ன ஓட்டைகள். வேண்டிய அளவுக்கு வெட்டித் தருவார்கள். நான் குடித்து மிஞ்சிய தண்ணீரை அதன் மேல் ஊற்றி மீண்டும் முழங்கையை வைத்தோம். வழுக்கவில்லை.

"இதைவிட விலை கூடினது இருக்கு ஐயா. கீழ்ப்பக்கம் உறிஞ்சிப் பிடிக்கிற குமிழ் இருக்கு. அசையவே அசையாது."

இங்கேதான் எனக்கு நாக்கு அவிழ்ந்தது. "அது வழுவழுப்பான கல்லிலதான் பிடிக்கும் பிள்ளை. என்ர கல்லு சொரசொரப்பு. காத்துப் பூந்து விட்டிடும். அது பிடிச்சிருக்கு எண்டு நம்பி ஏறினால்தான் ஆபத்து. சொரசொரப்புக்குத் தட்டையான அடிதான் சரி. பாரத்தில அதுவே கவ்விக்கொள்ளும்."

"அப்ப இதையே கபில நிறத்தில எடுங்கோ. ஊத்தை தெரியாது."

"வெள்ளை மாதிரி ஒண்டு தா. ஊத்தை தெரிய வேணும். கல்லுத் துண்டு கிடந்தாலும் தெரிய வேணும். இரத்தம் எண்டாலும் தெரிய வேணும்."

"ஊத்தை தெரிய வேணும் எண்டு கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் ஐயா" என்று சொல்லிக்கொண்டே வெட்டித் தந்தாள்.

குழாயடியில் விரித்துவிட்டு நான் அதில் ஏறவில்லை, கருத்தும் சொல்லவில்லை. மனைவி ஒரு காலை வைத்தாள். மற்றக் காலையும் வைத்தாள். எடுக்கவில்லை.

"எப்பிடி?"

"குத்தேல்லை" என்றாள். விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள்.

எங்கள் வீட்டில் பரவாயில்லை என்றால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து அவள் உள்ளே குளிக்கத் தொடங்கினாள். ஆனால் சவர்க்காரப் பெட்டியைக் குளிக்கும்போது கொண்டுவந்துவிட்டு, முடிந்ததும் கிணற்றடிக்கே கொண்டுபோய்க் கல்லை ஏற்றி வைத்தாள். எனக்கு அது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை. இன்னொன்றும் நடந்தது. பின்னேரம் நான் வேலையால் வந்து பார்த்தால் விரிப்பு குழாயடியில் இருக்காது. யன்னலுக்குக் கீழே, தபால்காரர் வீட்டுக் கல்லின் மேல் கிடக்கும். நான் திருப்பிக் குழாயடியில் போடுவேன். அடுத்த நாள் மீண்டும் யன்னலடியில் கிடக்கும். குழாயிலிருந்து அங்கே வாளியை இழுத்துக்கொண்டு போய்க் குளிக்கிறாள் என்பது ஈரத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அவளிடம் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் மாபிள் பதிக்கிறவன், எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அந்த மங்கல் பழுப்புக் கல்லில் ஏதோ விசேசம் இருக்கிறது, விரிப்புக்கு மேலாலும் அவள் காலுக்கு அது தெரிகிறது என்று முடிவு கட்டினேன். பிழை அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஓமந்தைக்குப் போனேன். தபால்காரர் வாசலிலேயே இருந்தார். வந்த காரியத்தைச் சொல்ல எனக்கு ஒரு பிளேன்டீ முழுவதும் எடுத்தது.

"என்ர வீட்டுக் கல்லில நிண்டால் கால் நோகேல்லையாமே?" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டு விறாந்தையில் இரண்டு நடை நடந்து பார்த்தார். "ஓம், எனக்கும் நோகேல்லைத்தான்."

"ஐயாவுக்கு முதலே கால் நோ இல்லையே" என்றேன்.

"அதுவும் சரிதான்." கொஞ்சம் ஏமாற்றமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தன்னிடம் மிஞ்சி, பூச்சாடிகளுக்குக் கீழே வைத்திருந்த ஆறு கல்லையும் எடுத்துக் கழுவித் தந்தார். சாடிகளை வெறும் மண்ணில் இறக்கும்போது, "வீட்டுக்காரி கேட்டால் நீங்கள் களவெடுத்தது எண்டு சொல்லுவன்" என்றார்.

அன்றே குழாயடிச் சொரசொரப்புக் கல்லை உடைத்தெடுத்து ஓமந்தைக் கல்லைப் பதித்தேன். தண்ணீர் ஓட வாட்டம் பார்த்து, விளிம்பு பார்த்து, என் வாழ்நாளிலேயே அவ்வளவு கவனமாக ஆறு கல் பதித்ததில்லை. இரண்டு நாள் காயவிட்டு, விரிப்பைப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

"நல்லா இருக்கு" என்றாள்.

அடுத்த பின்னேரம் விரிப்பு யன்னலடியில் கிடந்தது.

அதன் பிறகுதான், ஒரு வேலை இல்லாத நாளில், அவள் குளிக்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் நானே உள்ளே போனேன். காலை ஒன்பது மணி இருக்கும். சட்டைக் கையை மடித்து, குழாயடியில் முழங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. நகர்ந்து யன்னலடியில் வைத்தேன். இளஞ்சூடு. யன்னலால் வந்த வெயில் ஒரு சுளகு அளவுக்கு நிலத்தில் விழுந்திருந்தது. நம்ப முடியாமல் இன்னும் சரிந்து, இரண்டு முழங்கையையும் வைத்து, அப்படியே கிடந்தேன்.

"ஐயோ, விழுந்திட்டீங்களே?"

வாசலில் மனைவி, கையில் சவர்க்காரப் பெட்டி.

"இல்லை. இஞ்ச சூடாய் இருக்கு" என்றேன் படுத்தபடியே.

"ஓம். வெயில் விழுற இடம் சூடாய்த்தானே இருக்கும்."

"அதுக்கே நீர் விரிப்பை இஞ்ச இழுக்கிறீர்?"

"வேற என்னத்துக்கு? குளிர் நிலத்தில வைச்சால் கால் பிடிச்சு இழுக்குது. குத்திறது போனாலும் அந்த இழுவை இருக்கு. இதில நிண்டால் இல்லை."

"நான் கல்லு எண்டெல்லோ நினைச்சன்."

"எந்தக் கல்லு?"

"தபால்காரர் வீட்டுக் கல்லு."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அதுக்கே ஓமந்தைக்குப் போனனீங்கள்? நான் ஏதோ வேலை அலுவல் எண்டு இருந்தன். என்னை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால்?"

"நீரும் சொல்லேல்லையே."

"நீங்கள் ஆறு கல்லையும் குழந்தைப் பிள்ளையைக் கிடத்திற மாதிரிக் கிடத்திப் பதிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். குளிருது எண்டு எப்பிடிச் சொல்றது?"

குளிரை நோ என்று கால் சொல்லும் என்று தாதி முதல் நாளே சொல்லியிருந்தார். மூலையில் நின்று நானும் கேட்டிருந்தேன். கேட்டதைக் காதோடு விட்டுவிட்டு, பூச்சாடியைத் தூக்க ஓமந்தை வரைக்கும் போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வேலை ஒரு மணி நேரம்தான். குழாய்க்கு மேலே கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் விடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் போட்டேன். யன்னலைப் பெருப்பித்திருந்தால் வேலிக்கு அப்பால் எல்லாம் தெரியும். கூரையால் வெயில் மட்டும்தான் வரும். ஒன்பது மணிக்கெல்லாம் குழாயடியில் ஒரு பாய் அளவுக்கு வெயில் விழுந்தது. அதில் இன்னொரு இலாபமும் இருந்தது. குளித்து முடிந்ததும் விரிப்பைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டால், மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் காய்ந்துவிடும். மணமும் இல்லை, பாசியும் இல்லை. மாரியில் வெயில் வராத நாளில் ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரை முதலில் விரிப்பின் மேல் ஊற்றுகிறாள், முழங்கையால் பார்த்துவிட்டு.

ஆகவே கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். பளபளப்பும் வேண்டாம், சொரசொரப்பும் வேண்டாம். கல் எதுவானாலும் விளிம்பு எழும்பாமல் இருக்க வேண்டும். விரிப்பு அமுங்க வேண்டும், குமிழ் இருக்கக் கூடாது, தண்ணீர் இறங்க வேண்டும், தூக்கிக் காயவைக்கப் பாரமில்லாமல் இருக்க வேண்டும். சொரசொரப்புக் கல்லுக்கு உறிஞ்சிப் பிடிக்கும் அடியை நம்ப வேண்டாம். கடையில் வெட்கப்படாமல் முழங்கையை வையுங்கள். அதற்கும் முதல், யாருடைய காலோ அவரைக் கேளுங்கள். மேசனைக் கேட்காதீர்கள்.

வேலிக்காரி வந்து பார்த்தார். விரிப்பில் ஏறி நின்று, வெடித்த குதியை மெல்ல அழுத்தி, "அண்ணே, இந்த மாதிரி ஒண்ணு எனக்கும் வெட்டிக்கிட்டு வாங்க" என்றார். "கல்லு வேணாம். ஓமந்தைக்கெல்லாம் போயிராதீங்க." மனைவி அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

கூரைத் தகடு போட்ட மூன்றாம் நாள் காலை. நான் குசினி வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாளி இழுபடும் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் குளித்தாள். வெளியே வந்தவள் தலையைத் துவட்டிக்கொண்டு நேரே அறைக்குள் போனாள். கிணற்றடிப் பக்கம் திரும்பவில்லை. கையில் ஒன்றும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். குளியலறைச் சுவரில், நான் எதற்கென்று தெரியாமலே வைத்துவிட்ட சின்ன மாடத்தில், பச்சைச் சவர்க்காரப் பெட்டி மூடி திறந்தபடி இருந்தது. உள்ளே காகம் வராது என்பதால் மூடிக்கு மேல் கருங்கல் தேவைப்படவில்லை.

அந்தக் கருங்கல் மட்டும் கிணற்றுக் கட்டின் மேல் தனியாக இருந்தது. காகம் ஒன்று வந்து அதைச் சுற்றி நடந்தது. இரண்டு தரம் கொத்திப் பார்த்தது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று.